பிரிட்டனில் இருக்கும் தமிழர்களுக்கு: நெஞ்செரிச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவும் வேலைக்கும் பிரிட்டன் வந்தவர்கள், அவர்களோடு வந்து தங்கும் பெற்றோர் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மருந்து விதிகளும் கட்டணமும் இங்கிலாந்தை வைத்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே கிடையாது.

நெஞ்சு எரியுது, புளிச்ச ஏப்பம் வருது. இது அல்சரா, கேஸா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்வது அதன் வேலை. அது தளர்ந்தாலோ, வேண்டாத நேரத்தில் திறந்தாலோ அமிலம் மேலே ஏறும். இதுதான் எதுக்களிப்பு. இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. அதனால்தான் நடுநெஞ்சு எலும்புக்குப் பின்னால் எரிகிறது, வாயில் புளிப்பு ஏறுகிறது.

அல்சர் வலி பொதுவாக மேல்வயிற்றில் இருக்கும். நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அல்சர் என்று சொல்லிவிடுவார்கள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை பிரியாணிக்குப் பிறகு எரிந்தால் அது நோயல்ல. வாரத்துக்கு இரண்டு நாளோ அதற்கு மேலோ எரிந்து, பல வாரம் அப்படியே போனால் கவனிக்க வேண்டும்.

ஊர்ல இருந்த வரைக்கும் ஒண்ணுமில்ல. இங்க வந்த பிறகு ஏன் ஆரம்பிச்சுது?

காரம்தான் காரணம் என்றால் ஊரிலேயே வந்திருக்க வேண்டும். இங்கே மாறியது சாப்பாட்டு நேரம். காலையில் வெறும் காபி, மதியம் ஒரு சாண்ட்விச், வேலை முடிந்து வந்து சமைத்து இரவு ஒன்பதரைக்குத் தட்டு நிறையச் சோறு, பத்தரைக்குப் படுக்கை. நிறைந்த இரைப்பை காலியாக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் படுத்தால் அமிலத்தைக் கீழே வைத்திருக்கும் ஈர்ப்பு விசையின் உதவியும் போய்விடுகிறது.

கூடவே குளிரில் நடை குறைந்து வயிற்றுப் பகுதியில் ஏறும் எடை. அது இரைப்பையைக் கீழிருந்து அழுத்தும். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை: முதுகு வலி, கால் வலி என்று சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென். கிடங்கு வேலையிலும் முதியோர் இல்ல வேலையிலும் இருப்பவர்கள் இதை முதலில் யோசியுங்கள். அப்போதைய வலிக்குப் பாரசிட்டமால் வயிற்றைத் தொந்தரவு செய்யாது.

இது ஹார்ட் அட்டாக்கா கேஸா-ன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முயல வேண்டாம். நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், படியேறினால் கூடி உட்கார்ந்தால் குறையும் வலி: இவற்றில் எது இருந்தாலும் 999 (ஆம்புலன்ஸ் எண்). தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மங்கலாகவும் இருக்கலாம். ஜெலுசில் குடித்துக் காத்திருப்பது ஆபத்து. கேஸ் என்று தெரிந்து வீட்டுக்கு அனுப்பினால் யாரும் திட்ட மாட்டார்கள்.

இரத்த வாந்தி, காபித்தூள் போல வாந்தி, தார் போலக் கறுத்த மலம் என்றாலும் உடனே மருத்துவமனைதான். (இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்.) சோறு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குவது போல இருந்தால் எந்த வயதானாலும் ஜிபியிடம் (நீங்கள் பதிவு செய்திருக்கும் குடும்ப மருத்துவர்) அந்த வாரமே சொல்ல வேண்டும். தானாக எடை குறைந்தாலும், 55 வயதுக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்தாலும் கடை மருந்தோடு நிற்கக் கூடாது.

காரம், புளி எல்லாத்தையும் மொத்தமா விட்டுடணுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் நிறுத்தி, தயிர்சாதத்தில் பத்து நாள் ஓட்டி, பிறகு வெறுத்துப் போய்ப் பழையபடி திரும்புவதுதான் பலர் கதை. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் போனில் மூன்றே விஷயங்களைக் குறியுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது. உங்கள் எதிரி யார் என்று அதுவே காட்டிவிடும்.

பெரும்பாலும் மிளகாயைவிட எண்ணெய்தான் மாட்டும். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, தசை வளையத்தையும் தளர்த்துகிறது. மேலே எண்ணெய் மிதக்கும் வத்தக்குழம்பு, பரோட்டா-சால்னா, பஜ்ஜி, இங்கத்திய சிப்ஸ், கெபாப், சீஸ் நிறைந்த பீட்சா எல்லாம் ஒரே ஜாதி. சாக்லேட், மது, காபி, தக்காளி அடுத்த வரிசை. டின் தக்காளியையும் பேஸ்டையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் குழம்பு, ஊர்த் தக்காளி இரண்டு போட்ட ரசத்தைவிடப் பல மடங்கு கெட்டி; அளவைப் பாதியாக்குங்கள். புளிக்குழம்பு பிடிக்கும் என்றால் மதியத்துக்கு மாற்றுங்கள். இரவுக்கு இட்லி, இடியாப்பம், கஞ்சி, பருப்பு சாதம் போதும், அதுவும் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பாக.

படுத்தாதான் எரியுது. ரெண்டு தலகாணி வெச்சும் சரியாகல.

தலையணை தலையை மட்டும் தூக்கும். உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு அழுந்துவதால் சிலருக்கு எரிச்சல் கூடவும் செய்யும். நெஞ்சும் தோளும் சேர்ந்து சரிவாக உயர வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கு மட்டும் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரக் கட்டை வையுங்கள். கடையில் கட்டில் உயர்த்திகள் நான்காக விற்பார்கள். நான்கையும் வைத்தால் கட்டில் உயருமே தவிர சரிவு வராது. கால் இல்லாத, கீழே இழுப்பறை உள்ள திவான் கட்டில் என்றால் மெத்தைக்கு அடியிலேயே ஆப்பு வடிவ நுரைப்பலகையைச் செருகலாம். வாடகை அறையில் எதையும் மாற்ற முடியாதவர்கள் மெத்தை மேல் போடும் ஆப்பு வடிவத் தலையணை வாங்கலாம். அதன் தடித்த முனை தலைக்கும், மெல்லிய முனை இடுப்புக்கு மேலேயும் வர வேண்டும்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்கும். வலப்பக்கம் படுத்தால் நேர்மாறு. பணம் செலவில்லாத வைத்தியம் இது.

டாக்டர்கிட்ட போகாம கடையில என்ன வாங்கலாம்?

எப்போதாவது எரிந்தால் கேவிஸ்கான் அட்வான்ஸ் திரவம், சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் 5 முதல் 10 மில்லி. கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் இதில் இருக்கிறது. இரைப்பையில் உள்ளதன் மேல் அது நுரைப் படலமாக மிதந்து அமிலம் ஏறாமல் தடுக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் மிதக்க ஒன்றும் இருக்காது, குடித்தவுடன் தண்ணீர் குடித்தாலும் வீண். உப்பைக் கட்டுப்படுத்துபவர்கள் இதிலும் சோடியம் உண்டு என்பதை நினைவில் வைக்கவும். மற்ற மாத்திரைகளோடு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

வாரத்தில் பல நாள் எரிந்தால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம் அல்லது எசோமெப்ரசோல் 20 மில்லிகிராம் சீட்டில்லாமல் கிடைக்கும். 14 நாளில் குணமில்லை என்றால் அடுத்த பெட்டி வாங்காதீர்கள், ஜிபியைப் பாருங்கள். மூன்று வாரம் பெரும்பாலான நாட்களில் எரிந்தாலும் அப்படியே. வேறு மருந்து எடுப்பவர்கள் பார்மசிஸ்ட்டிடம் பட்டியலைக் காட்டிவிட்டு வாங்குங்கள். முக்கியமாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் போடும் இதய நோயாளிகளுக்கு ஒமிப்ரசோலும் எசோமெப்ரசோலும் ஆகாது. அதன் வேலையைக் குறைக்கும்.

ஈனோ, சீரகத் தண்ணி, குளிர்ந்த பால்? அம்மா சொல்றாங்க.

சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. பால் குடித்த சில நிமிடம் இதமாக இருக்கும், பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். புதினா, பெப்பர்மிண்ட் டீ தசை வளையத்தைத் தளர்த்துவதால் எரிச்சலுக்கு எதிரி. ஈனோ ஒரு 5 கிராம் பாக்கெட்டில் சுமார் 850 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லையே 2000. ரத்த அழுத்தம் உள்ள அப்பாவுக்குத் தினமும் கலக்கிக் கொடுக்காதீர்கள்.

ஒரு வாரமா ஒமிப்ரசோல் போடறேன், கேக்கவே இல்ல.

எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? எரியும்போது, அல்லது சாப்பிட்டு முடித்துப் போட்டால் பாதி மருந்து வீண். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் விழித்து வேலை செய்யும். மருந்து வேலை செய்யும் பம்புகளை மட்டுமே பூட்டும். மருந்து ரத்தத்தில் இருப்பதும் சில மணி நேரமே. ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு தண்ணீரில் விழுங்கி, பிறகு சாப்பிட்டே ஆக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுக் காபியோடு ஓடினால் பம்பு விழிக்கவில்லை, மருந்தும் போனது. கேப்சூலுக்குள் இருக்கும் மணிகளைக் கடிக்காதீர்கள். அமிலத்தில் சிதையாமலிருக்கத்தான் அவற்றுக்கு மேல்பூச்சு.

முழுப் பலன் தெரிய நான்கு நாள் வரை ஆகும். அதுவரை கேவிஸ்கான் சேர்த்துக்கொள்ளலாம். நேரத்தைச் சரி செய்த பிறகும் இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றால்தான் மருந்து கேட்கவில்லை என்று பொருள்.

ஊர்ல இருந்து பான்-டி, ரான்டாக் கொண்டு வந்திருக்கேன். அதையே போட்டுக்கலாமா?

பான் 40 என்பது பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் வகைதான். இங்கேயும் எழுதித் தருவார்கள், பிரச்சினை இல்லை. பான்-டி வேறு. அதில் 30 மில்லிகிராம் டோம்பெரிடோன் கூட இருக்கிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்பதால் 2014 முதல் பிரிட்டனில் அது சீட்டு இல்லாமல் கிடைக்காது. வாந்தி, குமட்டலுக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் தருவதில்லை. நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் அதை விழுங்குவதற்கு நியாயமே கிடையாது. ரான்டாக், அசிலாக் என்பவை ரானிடிடின். என்டிஎம்ஏ என்ற மாசு தெரியவந்து 2019-20இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து போய்விட்டது. அதே வகையில் ஃபமோட்டிடின் இருக்கிறது, ஜிபி எழுதுவார்.

நார்மாக்சின் (வயிற்று வலி மாத்திரை) கொண்டுவருபவர்கள் இன்னும் கவனம். அதிலுள்ள குளோர்டயசெபாக்சைடு ஒரு பென்சோடயசெபின் (பழக்கமாகிவிடக்கூடிய அமைதி மருந்து வகை), பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வளைகுடா வழியாக வருபவர்கள் சீட்டு இல்லாமல் அதைப் பெட்டியில் வைக்கவே கூடாது. பார்சலில் வரவழைப்பதும் வேண்டாம். எதைப் போட்டாலும், அட்டையைப் படம் எடுத்து வைத்து இங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜிபிகிட்ட பத்து நிமிஷத்துல என்ன சொல்றது?

கேஸ் என்று தொடங்காதீர்கள். வாயு பிரிவதைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். இடத்தைக் கையால் காட்டி, வாரத்துக்கு எத்தனை நாள், இரவில் எழுப்புகிறதா, எது குறைக்கிறது, எத்தனை நாள் என்ன மருந்து போட்டீர்கள் என்று சொல்லுங்கள். உணவுக் குறிப்பு போனில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அபாய அறிகுறி ஏதாவது இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறும் அம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், இலவசம்.

ஜிபியிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயமில்லை. படிப்பு, வேலை விசாவில் வந்தவர்களில் பெரும்பாலோர் விசாவோடு ஆண்டுக்கு 1035 பவுண்டு (மாணவர்களுக்கு 776) சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருக்கிறீர்கள், தயங்காமல் பயன்படுத்துங்கள். மருந்துக்கு 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. எண்ணிக்கை எவ்வளவானாலும் அதே தொகைதான், ஆகவே நெடுநாள் மருந்து என்றால் 28க்குப் பதில் 56 மாத்திரை தரக் கேட்டுப்பாருங்கள்.

எச். பைலோரி டெஸ்ட் சொன்னாங்க. நெகட்டிவ்-னு வந்துச்சு, நம்பலாமா?

ஒமிப்ரசோல் போன்றவற்றை இரண்டு வாரம், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் நிறுத்திய பிறகு செய்திருந்தால் நம்பலாம். இல்லையென்றால் இரைப்பையில் தங்கும் இந்தக் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். அந்த இரண்டு வாரத்துக்கு கேவிஸ்கான்தான் துணை. பாசிட்டிவ் என்றால் பொதுவாக 7 நாள் சிகிச்சை: அமிலம் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக், எல்லாம் நாளுக்கு இருமுறை. அவற்றில் கிளாரித்ரோமைசின் இருந்தால் பான்-டி வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எச். பைலோரி அல்சருக்குக் காரணம், எதுக்களிப்புக்கு அல்ல. கிருமி போன பிறகும் நெஞ்செரிச்சல் தொடர்ந்தால் சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை.

எண்டோஸ்கோப்பிக்கு தேதி வந்திருக்கு. தனியா இருக்கேன், யாரும் இல்ல.

மயக்க ஊசி போட்டால் உங்களை அழைத்துப்போகவும் 24 மணி நேரம் கூட இருக்கவும் ஒருவர் தேவை. இல்லையென்றால் அன்றே ரத்து செய்துவிடுவார்கள். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே மட்டும் கேட்டால் தனியாகவே போய்வரலாம். குமட்டல் இருக்கும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். மரப்பு போகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், எதையும் விழுங்காதீர்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது, எத்தனை மணி நேரம் பட்டினி என்பது கடிதத்தில் இருக்கும். நிறுத்தாமல் போனால் உள்ளே இருப்பது மறைந்துவிடலாம்.

நைட் ஷிஃப்ட்ல எப்ப மாத்திரை, எப்ப சாப்பாடு?

கடிகாரத்தை மறந்துவிட்டு, தூங்கி எழுந்த பிறகு வரும் முதல் சாப்பாட்டைக் காலைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்கு எழுந்து ஆறுக்குச் சாப்பிட்டால் மாத்திரை ஐந்தரைக்கு. வேலைக்கு நடுவே இரண்டு மணிக்கு அடுத்த சாப்பாடு. காலை எட்டுக்கு வீடு திரும்பி வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பதுதான் ஷிஃப்ட்காரர்களின் பொதுத் தவறு. அப்போது இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம் போதும்.

ரமலான் நோன்பு, விரத நாள்ல?

மாத்திரை ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) அரை மணி முன். சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். நோன்பு திறக்கும்போது நோன்புக் கஞ்சி நல்லதுதான். கூட வரும் வடையும் சமோசாவும்தான் வேலையைக் காட்டும். கஞ்சியோடு நிறுத்தி, தொழுகைக்குப் பிறகு அளவாகச் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை, ஏகாதசி விரதம் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் காபி மேல் காபி குடிப்பதை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள் நோன்புக்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினா முன்னவிட மோசமா எரியுது. அப்ப ஆயுசு முழுக்கவா?

இல்லை. பல வாரம் அடக்கி வைத்த அமிலம், பூட்டைத் திறந்ததும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். சில வாரங்களில் அடங்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குவதால்தான் பலருக்கு வருடக்கணக்காக நீள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாளாக இரண்டு வாரம் போட்டு நிறுத்துங்கள். இடையில் எரிந்தால் கேவிஸ்கான். கட்டில் சரிவும் மூன்று மணி நேர இடைவெளியும் அந்த நாட்களில் கட்டாயம்.

உணவுக்குழாயில் கடுமையான புண், பாரெட் மாற்றம் (நாள்பட்ட அமிலத்தால் உணவுக்குழாயின் உட்சுவர் மாறுவது) இருப்பவர்களும், அல்சர் வந்து ஆஸ்பிரின் எடுப்பவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிடும்னு வாட்ஸ்அப்ல வருதே?

சிறுநீரக அழற்சி அபூர்வமாக வருவதுண்டு; நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. உண்மையில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12. அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிவது குறையும். சைவம், மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை), ஒமிப்ரசோல் மூன்றும் ஒருவரிடமே சேர்வது நம் வீடுகளில் சாதாரணம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டு பி12 பார்க்காமல் விடுகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போடுபவர்கள் பி12, மக்னீசியம், இரும்பு பார்க்கச் சொல்லுங்கள். தைராக்சின் எடுப்பவர்களுக்கு அதன் அளவையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

எரிச்சலே இல்ல. தொண்டை கரகரப்பும் வறட்டு இருமலும் மட்டும்தான். இதுவும் ஆசிடா?

இருக்கலாம், ஆனால் சட்டென்று அந்த முடிவுக்கு வர வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் அல்லது எனலாப்ரில் போடுகிறீர்களா? வறட்டு இருமல் அவற்றின் பிரபலமான பக்கவிளைவு. ஆஸ்துமாவும் சளி பின்னால் வடிவதும் இதே போலத் தோன்றும். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் ஜிபி.

எடை குறைக்க மவுன்ஜாரோ ஊசி போட ஆரம்பிச்சேன். அதிலிருந்து எரியுது.

அந்த ஊசி பசியைக் குறைப்பதோடு இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. மூன்று மணி நேர இடைவெளி அப்போது போதாது. இரவு உணவை நான்கைந்து மணி நேரம் முன்னே தள்ளி, அளவைப் பாதியாக்குங்கள். டோஸ் கூட்டும் வாரங்களில் அதிகம் தெரியும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஜிபியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பியோ அறுவை சிகிச்சையோ இருந்தால் அங்கேயும்.

கர்ப்பமா இருக்கேன். எதுவும் போடக்கூடாதா?

போடலாம். முதலில் கேவிஸ்கான், அடங்காவிட்டால் ஒமிப்ரசோல், மிட்வைஃபிடமோ ஜிபியிடமோ கேட்டு. ஆப்ப சோடா கரைத்துக் குடிப்பது வேண்டாம். கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டிய பிறகு எப்போதானாலும் மேல்வயிற்று வலியோடு தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் வந்தால் அது நெஞ்செரிச்சல் அல்ல. உடனே பிரசவப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள்.

எல்லாம் செஞ்சு பாத்தாச்சு, இரண்டு வேளை மாத்திரை போட்டும் எரியுது.

முதலில் மாத்திரை நேரத்தை மேலே சொன்னபடி மறுபடி பாருங்கள். இந்தக் கட்டத்தில் வருபவர்களிலும் தவறான நேரத்தில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது சரியென்றால் ஸ்பெஷலிஸ்ட் இரண்டு சோதனை சொல்வார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது ஒன்று, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளப்பது மற்றொன்று. சிலருக்கு அமிலம் இயல்பாகவே இருந்து, நரம்பு மட்டும் அதிகமாக உணரும். அவர்களுக்கு மாத்திரையைக் கூட்டி லாபமில்லை, குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்றவை தருவார்கள். அமிலம் நிச்சயமாக ஏறுகிறது, மாத்திரைக்கு ஓரளவு கேட்கிறது, ஆனால் வாழ்நாள் முழுக்கப் போட விருப்பமில்லை என்பவர்களுக்கு ஃபண்டோப்ளிகேஷன் என்ற லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை உண்டு. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பார்கள். அதற்குப் பிறகு ஏப்பம் விடக் கஷ்டமாக இருக்கும், வயிறு உப்பும், முதல் சில வாரம் கூழ் உணவுதான். கையெழுத்திடும் முன் இவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.